கோர்ட்டெஸின் 13 படகுகள்: மாதிரி செய்ய உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 1521-இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ், ஏரி நடுவே இருந்த ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லானை (இன்றைய மெக்சிகோ நகரம்) முற்றுகையிட்டபோது அந்த ஏரியில் இறங்கிய ஸ்பானியப் போர்ப் படகு ஒன்றை 1:50 அளவில் மரத்தில் செய்கிறோம், பள்ளிக் கண்காட்சிக்காக.

மார்ட்டின் லோபஸ் என்ற தச்சர், ஸ்பானியரின் கூட்டாளி நாடான த்லாஸ்கலாவில் மரம் அறுத்துப் பொருத்தி, ஆற்றை அணைகட்டி மிதக்கவிட்டுப் பார்த்து, திரும்பப் பிரித்தார். ஆணி, பாய், கயிறெல்லாம் வெராகுரூஸ் கரையில் கோர்ட்டெஸ் கைவிட்ட கப்பல்களிலிருந்து வந்தவை. பிரித்த பலகைகளை ஏரிக்குச் சுமந்தவர்கள் 8,000 பேர் என்று கோர்ட்டெஸ் எழுதுகிறார் (அவர் எண்களை அப்படியே விழுங்க வேண்டாம்). ஏரிக்கரை நகரான டெஸ்கோகோவில் கால்வாய் வெட்டி, ஏப்ரல் 28 அன்று நீரில் இறக்கினார்கள். படகுக்கு ஏறத்தாழ 25 பேர், முகப்பில் ஒரு சிறு பீரங்கி, துடுப்பும் பாயும் இரண்டும் உண்டு.

சிக்கல் அடிப்பகுதியில்தான். ஏரி ஆழமில்லாதது, மெக்சிகர்கள் (நகரைக் காத்த ஆஸ்டெக்குகள்) நீருக்கடியில் கூர்க்கழிகள் வேறு நட்டு வைத்தார்கள். ஆகவே கடையில் கிடைக்கும் கடற்கப்பல் வரைபடத்தின் ஆழமான அடிக்கட்டை இதற்குப் பொருந்தாது.

தட்டை அடிப்பாகமுள்ள துடுப்புப் படகின் குறுக்குவெட்டு வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா? ஃபுளோரன்ஸ் சுவடியின் (ஆஸ்டெக்குகளைப் பற்றிய 16-ஆம் நூற்றாண்டு ஓவியக் கையெழுத்து நூல்) 12-ஆம் நூலிலுள்ள படகு ஓவியங்களின் தெளிவான நகல் கிடைத்தாலும் போதும். பாய்மரம் ஒன்றா இரண்டா என்பதற்கும் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.