சைரனின் சுருதி மாற்றம்: விளக்க உதவுங்கள்
வணக்கம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டருகே விரையும் ஆம்புலன்ஸின் சைரன், நெருங்கும்போது சுருதி உயர்ந்தும் கடந்ததும் தாழ்ந்தும் கேட்பதற்கு 1842இல் இயற்பியலாளர் டாப்ளர் தந்த விளக்கத்தையும், 1845இல் நெதர்லாந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதவைத்து அதைச் சோதித்த கதையையும் ஐந்தாம் படிவத்தில் பயிலும் என் மகளுக்குச் சொன்னேன்.

சிக்கல் கணக்கில் வந்தது. நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 பாகை செல்சியஸில், ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வுகள்) ஒலியெழுப்பும் வண்டி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நம்மை நெருங்கினால் சுமார் 530 ஹெர்ட்ஸ் கேட்கிறது. வண்டி நிற்க, நாம் அதே வேகத்தில் அதை நெருங்கினாலோ 529தான். முன்னதில் காற்றிலேயே அலைநீளம் சுருங்குகிறது, பின்னதில் மாறாத அலைகளை நாம் அடிக்கடி சந்திக்கிறோம் என்றேன். இயக்கம் சார்புடையது, அதாவது யார் நகர்கிறார் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்றால் விடை ஏன் மாறுகிறது என்று அவள் விடாமல் கேட்கிறாள். சூத்திரமின்றி, படத்தாலோ உவமையாலோ இதை விளக்கத் தெரிந்த ஆசிரியர்கள் உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.