டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே?

கேள்வி: மூணாற்றுக்கு அருகே டாப் ஸ்டேஷன் பார்த்தேன். தண்டவாளமே இல்லையே! போடிநாயக்கனூர்க்காரர்கள் யாராவது விளக்குவீர்களா?

பதில்: போடிக்காரன்தான் சொல்கிறேன். மூணாற்றுத் தேயிலையைச் சுமந்த சின்ன ரயில் அங்கே முடிந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி எங்கள் குரங்கணிப் பக்கம் இறங்கின, பிறகு போடிக்கு. 1924 வெள்ளம் அந்த ரயிலையே வாரிக்கொண்டு போய்விட்டது.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் அந்தத் தேயிலை போடியில் மறுபடியும் ரயில் ஏறுமா?

பதில்: எங்கே ஏறுவது ஐயா? மதுரை ரயில் போடிக்கு வந்ததே 1928இல்தான். அதையும் அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். திரும்பி வர 2023 ஆனது.

இன்னொருவர்: குரங்கணியிலிருந்து நடந்தே ஏறலாமா?

பதில்: வனத்துறை அனுமதி இருந்தால் மட்டும். கோடையில் காட்டுத்தீ பயம் உண்டு.