எக்ஸ்ஜே-எஸ் வி12 கொதிக்குமாம்! யார் சொன்னது?

ஸ்பேனர்:
பக்கத்து இழையில் ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் காரின் பன்னிரண்டு சிலிண்டர் வி12 எஞ்சின் கொதிக்குமாம், அது டிசைன் கோளாறாம், புத்தியுள்ளவன் பி.எம்.டபிள்யூ 635 வாங்குவானாம். எரிச்சல் தாங்காமல் தனி இழை திறக்கிறேன். 1981-க்குப் பிந்தைய எச்.இ. (எரிபொருள் சிக்கனத்துக்காகத் திருத்திய) எஞ்சின் தானாகக் கொதிக்காது. ரேடியேட்டரைக் கழற்றியே பார்க்காதவன் கொதிக்க வைக்கிறான். கீழ்ப்பாதிக் குழாய்களில் சேறு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இலைச்சருகு. காற்று எந்த வழியாகப் போகும்?

கிட்னிகிரில்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். எஞ்சின் பிளாக்கும் அலுமினியம், மேலே மூடும் ஹெட்டும் அலுமினியம். நன்றாகச் சூடேறினால் ஹெட்டில் வால்வு உட்காரும் வளையம், அந்த வால்வு சீட், கழன்று விழும். இதை வாங்கினவனா வடிவமைத்தான்?

ஸ்பேனர்:
சூடேறினால் விழும், சரி. சூடேற விட்டது யார்?

புதியவன்:
அண்ணன்மாரே, இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம் 1984 மாடல் 5.3 லிட்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நாற்பது வயது தாண்டியதால் எம்.ஓ.டி. என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை வேண்டாம், சாலை வரியும் கிடையாது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

சல்லடை:
சோதனை வேண்டாம் என்றால், காருக்கு அடியில் கடைசியாக எட்டிப் பார்த்தது யார் என்று கேள். பழைய எம்.ஓ.டி. வரலாறு அரசாங்கத் தளத்தில் இலவசம், பதிவு எண்ணைப் போட்டால் வந்துவிடும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் மாட்டியிருக்கும் இடம், கதவுக்கு அடியில் ஓடும் சட்டம், பின்கண்ணாடிக்கு இருபுறமும் சரிந்து இறங்கும் சிறகுகளின் அடி, எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார். கொதிப்பதெல்லாம் அப்புறம். முதலில் கார் என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா பார்.

ஸ்பேனர்:
துருவுக்குத் தனி இழை இருக்கிறது, பேச்சை மாற்ற வேண்டாம். தம்பி, எஞ்சின் ஆறியிருக்கும்போது போ. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அப்படியே திரும்பிவிடு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டரைக் கையால் திருகு; கையை எடுத்ததும் தானே திரும்பி வரவேண்டும். வராவிட்டால் உள்ளே தீப்பொறியை முன்தள்ளும் அட்வான்ஸ் இறுகிவிட்டது, டைமிங் பின்தங்கி எஞ்சின் சூடாகும். "பிளக் எல்லாம் புதுசு" என்பார். ஏசி கம்ப்ரசருக்கு அடியில் ஒளிந்திருக்கும் முன்னிரண்டையும் கழற்றிக் காட்டச் சொல். பத்து புதுசாக இருக்கும், அந்த இரண்டு தாத்தா காலத்தது. கூலன்ட் ஊற்ற இரண்டு மூடி: ஓரத்துத் தொட்டியில் ஒன்று, எஞ்சினுக்கு முன்னால் குறுக்குக் குழாயில் ஒன்று. தொட்டியில் மட்டும் ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துக்கொள்ளும், பிறகு கொதிக்கும். இதற்கு டிசைனர் என்ன செய்வான்?

கிட்னிகிரில்:
தண்ணீர் ஊற்றவே டியூஷன் வேண்டும் என்றால் அதுதான் ஐயா டிசைன் கோளாறு! 635-ல் ஆறு பிளக், ஆறும் கைக்கு எட்டும்.

மவுண்ட்ரோடு:
ஆட்டோமேட்டிக் கியரோடு வருவதையெல்லாம் கிராண்ட் டூரர், நெடுந்தூரச் சொகுசுக் கார், என்கிறார்கள். சென்னை வெயிலில் இது சைதாப்பேட்டையைத் தாண்டுமா?

ஸ்பேனர்:
நீங்கள் இந்தக் காரை ஓட்டியிருக்கிறீர்களா? நேரிலாவது பார்த்ததுண்டா?

மவுண்ட்ரோடு:
ஓட்டாதவன் வாய் திறக்கக்கூடாதா? சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த இடம் என்றால் வாசலில் போர்டு மாட்டிவிடுங்கள்.

ஸ்பேனர்:
1984 ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் யார்? டாம் வாக்கின்ஷா, எக்ஸ்ஜே-எஸ்ஸில். பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயமும் அதே வருடம், அதே கார். 1985-ல் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்டில் முதலிடமும் மூன்றாமிடமும். ஒரு பகல் ஒரு இரவு முழுக்கக் கொதிக்காதது சைதாப்பேட்டை சிக்னலில் கொதிக்குமா?

கிட்னிகிரில்:
1985 ஸ்பாவை ஜெயித்தது 635. அது மட்டும் நினைவில்லையோ? பந்தயக் காருக்கு வேறு ரேடியேட்டர், வேறு எல்லாம். அதை வைத்துத் தெருவில் ஓடும் காருக்குச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள்.

சல்லடை:
போன வருடம் டீசல் இழையையும் இப்படித்தான் இரண்டு பேரும் சேர்ந்து நாசம் பண்ணினீர்கள்.

ஸ்பேனர்:
ஆரம்பித்தது நான் இல்லை. தானாகக் கொதிக்காது என்று இப்போதும் சொல்கிறேன்.

புதியவன்:
பின் டிஸ்க் பிரேக்கெல்லாம் பின் அச்சின் நடுவில் உள்ள டிஃப்பரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கிறதாமே, ஆயில் கசிந்தால் என்ன செலவாகும்?

ஸ்பேனர்:
அதற்கு அப்புறம் வருகிறேன். லாரியில் ஏற்றிய 635 படத்தை இங்கே போட்டு ஆறுதல் கேட்டது யார்?

கிட்னிகிரில்:
அது பேட்டரி.

ஸ்பேனர்:
பேட்டரி என்றால் பராமரிப்பு, ரேடியேட்டர் என்றால் டிசைனா?