ஈரோடு கிழக்கு: இந்தத் தடவை யாரை நிறுத்தினா தேறும்?

கருங்கல்பாளையத்தான் | 8 ஜனவரி 2025
இடைத்தேர்தல் தேதி வந்துருச்சுங்க. பிப்ரவரி 5 ஓட்டு, 8 எண்ணிக்கை. ஒரே சட்டசபைக்கு நாம மூணாவது தடவையா வரிசைல நிக்கப்போறோம். 2021ல திருமகன் ஈவெரா ஜெயிச்சாரு, 2023 ஜனவரில எறந்துட்டாரு, அப்பறம் அவங்கப்பா இளங்கோவன் நின்னு ஜெயிச்சாரு, போன டிசம்பர் 14 அவரும் போயிட்டாரு. இனி வர்றவருக்கு மிஞ்சிமிஞ்சிப் போனா 15 மாசம். அதுல சத்தியப்பிரமாணம், சால்வை, கல்யாண வீடுன்னு மூணு மாசம் போயிரும்.

நான் நெனைக்கறத சொல்லிடறேன். எந்தக் கட்சியா இருந்தாலும் வாரிசு வேண்டாம், வெளியூர் பெரிய தலையும் வேண்டாம். வார்டு வார்டா அலைஞ்ச ஆளா வேணும். பெரும்பள்ளம் ஓடைத் தண்ணி எந்த எடத்துல வீட்டுக்குள்ள வரும்னு யாரையும் கேக்காம சொல்ற ஆளு. கத்துக்கறதுக்கு டைம் இல்லீங்க.

மணிக்கூண்டு | 8 ஜனவரி
அண்ணா வேலை செய்யற ஆளு வேற, ஜெயிக்கற ஆளு வேற. மொதல்ல ஜெயிக்கோணும். 2021ல வித்தியாசம் வெறும் 8,904, அதே சீட்டுல 2023ல 66,233. ரெண்டு வருசத்துல ஊரு அவ்வளவு மாறிருச்சா? மகன் போன வீட்டுல அப்பா வந்து நின்னாரு, மனசு எரங்குச்சு, அவ்வளவுதான். பென்னாகரம் 2010 பாருங்க, எம்எல்ஏ பெரியண்ணன் எறந்தாரு, மகன் இன்பசேகரன நிறுத்துனாங்க, ஜெயிச்சாரு. அதுவும் இல்லாம இது காங்கிரஸ் சீட்டு, திமுகவோட கூட்டணின்னு ஒண்ணு இருக்குதில்ல.

ஆர்கேநகர்க்காரன் | 9 ஜனவரி
இன்னாபா, அனுதாபமாம். அனுதாபம் மட்டும் வேலை செஞ்சா எங்க ஏரியால 2017ல இரட்டை இலை தோத்திருக்கவே கூடாது, அம்மா செத்த சீட்டு அது, கட்சி ஆட்சில இருக்கு, சின்னம் கைல இருக்கு. நிறுத்துன ஆளும் யாரு, மதுசூதனன், வடசென்னை ஆளு, 1991லயே அங்க ஜெயிச்சவரு. கருங்கல்பாளையத்தார் கேக்குற மாதிரியே மண்ணின் மைந்தன் தான? குக்கர் சின்னத்துல சுயேச்சையா நின்ன தினகரன் 89,013, இவரு 48,306. திமுகவுக்கு டெபாசிட்டே போச்சு. ரெண்டு தியரியும் ஒரே நாள்ல அவுட்டு.

கருங்கல்பாளையத்தான் | 9 ஜனவரி
அந்தத் தேர்தல உதாரணமா சொல்லாதீங்க தம்பி. பணப் பட்டுவாடான்னு ஏப்ரல்ல ஒருக்கா ரத்து பண்ணி டிசம்பர்ல திருப்பி வெச்ச தேர்தல் அது. அங்க வேட்பாளர் நல்லவரா கெட்டவராங்கற கேள்வியே எழல.

ஆர்கேநகர்க்காரன் | 9 ஜனவரி
ஆமாமா, ஈரோட்ல மட்டும் எல்லாரும் மனசாட்சிக்கு ஓட்டு போட்டீங்க. 2023ல எதிராளி பிரச்சாரத்துக்குப் போகாம இருக்க பந்தல் போட்டு ஜனங்கள உக்கார வெச்சதா டிவில ஓடிச்சே, நாங்களும் பாத்தோம்.

தறிச்சத்தம் | 9 ஜனவரி
எனக்கு வேற கவலைங்க. ஆளுங்கட்சி பக்கம் யாரு நின்னாலும் தேறிரும், விடுங்க. எங்க அதிமுக பக்கம் யாரு? தென்னரசு 2016ல ஜெயிச்ச ஆளு, 2023ல 43,923 தான் வந்துச்சு. விக்கிரவாண்டில போன வருசம் புறக்கணிச்ச மாதிரி இங்கயும் ஒதுங்கிருவாங்களோன்னு பயமா இருக்கு. ஒதுங்கவே கூடாதுன்னு சொல்றேன். 40 வயசுக்குள்ள ஒரு பையன, தறிக்கூடத்துல வேலை பாத்தவன் ஒருத்தன நிறுத்துங்க, தோத்தா தோக்கட்டும், 2026க்கு ஒரு மூஞ்சி தயாராகும்ல. பூத்துக்கு ஒரு ஆளு உக்காந்து பழகுவான். சும்மா ஒரு வருசம் கெடந்தா தறி கூட துருப்புடிக்கும்.

பழையபூத்ஏஜெண்ட் | 9 ஜனவரி
தறி தம்பிக்கு. நான் 1989ல இருந்து பூத்ல உக்கார்றவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க. இடைத்தேர்தல்ல எதிர்க்கட்சிக்கு "தேறும் வேட்பாளர்"னு ஒருத்தர் அனேகமா கெடையாது, இருக்கறதெல்லாம் தாங்கற வேட்பாளர் தான், அதாவது சொந்தக் காசு கரைஞ்சாலும் குடும்பம் நடுத்தெருவுக்கு வராத ஆளு. செலவு வரம்பு 40 லட்சம்னு தாள்ல இருக்குது, மந்திரிமாருங்க வார்டுக்கு வார்டு டேரா போட்டு உக்காரும்போது எதுத்து நிக்கறவனுக்கு டீச்செலவு என்ன ஆகும்னு கணக்கு போட்டுப் பாரு. நீ சொல்ற தறிக்காரப் பையன நிறுத்தி, பத்தாயிரம் ரூவா டெபாசிட்டும் போயி, கடனும் ஏறி, அவன் 2026ல ஊர்லயே இருக்க மாட்டான். ஜெயலலிதாம்மா 2009 ஆகஸ்ட்ல அஞ்சு தொகுதி இடைத்தேர்தல புறக்கணிச்சாங்க, 2011ல ஆட்சிக்கு வரலையா?

தறிச்சத்தம் | 9 ஜனவரி
நீங்க பாதி தான் சொல்றீங்ணா. புறக்கணிச்சதுக்கு அடுத்த வருசமே பென்னாகரத்துல நின்னாங்க, மூணாவது எடம், டெபாசிட் காலி. அப்பறமும் 2011ல வந்தாங்க தான? அப்ப டெபாசிட் போறதுக்கும் பயப்பட வேண்டியதில்லீல்ல.

பழையபூத்ஏஜெண்ட் | 9 ஜனவரி
இது செரி. இதுக்கு எங்கிட்ட பதிலில்ல.

மணிக்கூண்டு | 10 ஜனவரி
போச்சுங்க. காங்கிரஸ் சீட்ட விட்டுக்குடுத்துருச்சு. திமுகல வி.சி.சந்திரகுமார். கூட்டணி தர்மம்னு முந்தாநேத்து எழுதுனது நானேதான், சிரிக்கறவங்க சிரிச்சுக்கோங்க.

கருங்கல்பாளையத்தான் | 10 ஜனவரி
நான் சிரிக்கலீங்க, எனக்கு சந்தோசம். 2011ல தேமுதிகல இங்கயே ஜெயிச்சவரு, அதுவும் திமுக முத்துசாமிய தோக்கடிச்சு. 2016ல சூரியன்ல நின்னு தோத்தாரு. ஜெயிச்சும் பாத்தாச்சு தோத்தும் பாத்தாச்சு, ஊரு தெரியும்.

சாயங்காலம் எங்கம்மாகிட்ட பேரச் சொன்னேன். அரிசி பொடைச்சுட்டே "எந்தச் சந்திரகுமாரு?"ன்னாங்க. போட்டோ காட்டுனேன், மொறத்த கீழ வெச்சுட்டு போனக் கைல வாங்கிப் பாத்தாங்க. "அட, முரசுக்காரரு! இவரு எப்ப சூரியனுக்குப் போனாரு?" எட்டு வருசம் ஆச்சும்மான்னேன். "செரி செரி, நம்மூரு ஆளுதான்"னு மறுபடி பொடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. கட்சி மறந்துருச்சு, மூஞ்சி மறக்கல. நான் கேக்கற "தேறும்"ங்கறது இதுதான்.

மணிக்கூண்டு | 10 ஜனவரி
கட்சி மாறுனவருன்னு உங்க வாய்ல வரவே மாட்டேங்குது பாருங்க.

தறிச்சத்தம் | 11 ஜனவரி
நான் பயந்ததே நடந்துருச்சு. புறக்கணிப்பாம். இனி எதுக்க நாம் தமிழர்தான் மிஞ்சும் போல. எங்க 43,923 பேரும் எங்க போறதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

ஆர்கேநகர்க்காரன் | 11 ஜனவரி
வூட்ல பொங்கல் துன்னுட்டு படுங்க.

தறிச்சத்தம் | 8 பிப்ரவரி
எண்ணி முடிச்சுட்டாங்க. சந்திரகுமார் 1,15,709. நாம் தமிழர் சீதாலட்சுமி 24,151, டெபாசிட் கொஞ்சத்துல போச்சு. வித்தியாசம் 91,558ன்னு பட்டாசு வெடிக்கறாங்க, செரி வெடிக்கட்டும். ஆனா 2023ல இளங்கோவன் வாங்கினது 1,10,156. எதுக்க பெரிய கட்சி ஒண்ணுகூட இல்லாம ஏறுனது 5,553 தான். நாம் தமிழர் 10,827ல இருந்து 13 ஆயிரத்துக்கு மேல ஏறிருக்கு. நோட்டா 6,109. வாக்குப்பதிவு 75 சதவீதத்துக்கிட்ட இருந்து 68க்கு வந்துருச்சு. எங்காளுங்க பாதிப்பேரு வூட்ட விட்டே வரல, எங்க சந்துல நானே பாத்தேன், தறி ஓடிட்டே இருந்துச்சு. ஒரு பையன நிறுத்தியிருந்தா ரெண்டாவது எடமாச்சும் எங்களோடது.

பழையபூத்ஏஜெண்ட் | 8 பிப்ரவரி
ரெண்டாவது எடத்த வெச்சு என்னடா தம்பி பண்ணுவ. கடனில்லாம 2026க்குப் போறீங்க, அதப் பாரு.

மணிக்கூண்டு | 8 பிப்ரவரி
ஒண்ணு கவனிச்சீங்களா, சீமான் பெரியாரத் திட்டுனது பெரியார் பொறந்த ஊர்லயே, அதுவும் பிரச்சார நேரத்துல. அப்பவும் அவங்களுக்கு ஓட்டு ஏறிருக்கு. அது திட்டுனதுக்கு விழுந்த ஓட்டா, போக்கெடமில்லாம விழுந்த ஓட்டா? நான் ரெண்டாவதுங்கறேன்.

தறிச்சத்தம் | 8 பிப்ரவரி
அதத்தானுங்க ஒரு மாசமா கத்துறேன்.

கருங்கல்பாளையத்தான் | 8 பிப்ரவரி
செரி, புது எம்எல்ஏ ஆபீஸ் எந்தப் பக்கம் போடறாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. தெருவுல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி ஓடை மனு எழுதியாச்சு. "உயர்திரு"வுக்கு அப்பறம் பேரு எழுதற எடத்த மட்டும் காலியா விட்டு அஞ்சு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன்.