தைராய்டு அதிகமாக இருந்தால் அட்ரினல் சுரப்பியும் (சிறுநீரகத்தின் மேல் இருப்பது) அடிவாங்குமா?

வணக்கம். எனக்கு கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைப்பது), அதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. படபடப்பு அடங்கிவிட்டது, டம்ளரைத் தளும்பாமல் பிடிக்க முடிகிறது, ஆனால் இந்தச் சோர்வு மட்டும் போவேனா என்கிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, சுவரைப் பிடித்தபடி நிற்க வேண்டியிருக்கிறது, அப்புறம் உள்ளங்கை ரேகைகள் கறுத்த மாதிரி தெரிகிறது (பிரமையாகவும் இருக்கலாம்).

தைராய்டு ஹார்மோன் கூடினால் உடல் கார்டிசோலை (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) வேகமாகச் சிதைத்துவிடும், அட்ரினல் அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரக்கும் என்று படித்தேன். நல்ல அட்ரினல் சமாளித்துவிடும், சரி. ஏற்கெனவே பலவீனமாக இருந்தால்? அட்ரினல் போதுமான அளவு சுரக்காமல் போகும் அடிசன் நோயும் பலருக்கு கிரேவ்ஸ் மாதிரியே தன்னெதிர்ப்பு நோய்தானே, இரண்டும் ஒருவருக்கே வரலாமாம். டாக்டரிடம் கேட்டேன், "தைராய்டு சரியானால் எல்லாம் சரியாகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

காலை 8 மணி கார்டிசோல், ஏசிடிஎச் தூண்டல் பரிசோதனை (ஊசி போட்டு அட்ரினல் எவ்வளவு சுரக்கிறது என்று பார்ப்பது) இதெல்லாம் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தைராய்டு இயல்புக்கு வருவதற்கு முன்பே எடுத்தீர்களா, வந்த பிறகா? டாக்டரிடம் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? "அட்ரினல் சோர்வு" மாத்திரை விற்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.