22 அங்குலச் சீவுளி: தேய்க்கத் தேய்க்க அடி குழியுது, உதவி வேணும்

நல்லூரான்:
அப்பப்பான்ர சீவுளி பரணில கிடந்தது. றெக்கோட் கொம்பனியின்ர 07ஆம் நம்பர், 1920களில வேண்டினதாம். கறள் கழட்டி, அலகு தீட்டி, முதிரைப் பலகை ரெண்டுக்கு விளிம்பு சீவினன். ரெண்டையும் சேத்துப் பிடிச்சால் நடுவில முட்டுது, முனை ரெண்டும் வாய் பிளக்குது. அடிமட்டம் வைச்சுப் பாத்தால் அடியில அலகு வெளியில நீட்டுற வாய்ப் பக்கம் வெளிச்சம் தெரியுது. 18 அங்குலக் கண்ணாடியில 80ஆம் நம்பர் எமரிக் கடதாசி ஒட்டி ரெண்டு பின்னேரம் தேய்ச்சன். கை விட்டுப் போச்சு, வெளிச்சம் கூடினதுதான் மிச்சம். கரண்டில ஓடுற தேய்ப்பு மெசின், பெல்ட் சாண்டர், பிடிக்கலாமோ?

பழைய கராஜ்:
ஐயோ தம்பி, பெல்ட் சாண்டர் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. எவ்வளவு குழி எண்டு முதல்ல அளவுங்கோ. ஒஸ்டின் காருக்கு டப்பட் இடைவெளி வைக்கிற ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டுக் கட்டு, எந்தக் கராஜிலயும் கிடக்கும்.

நல்லூரான்:
அளந்தன் அண்ணை. வாய்க்கு முன்னால 0.20 மி.மீ. தகடு போகுது.

ஓடாவி மகன்:
பிழை உங்கட கண்ணாடியில. சீவுளி 22, கண்ணாடி 18. நடுப்பகுதி ஒருக்காலும் கடதாசியை விட்டு வெளியில வாறேல்லை, முனை ரெண்டும் மாறி மாறி வெளியில போய் ஓய்வெடுக்குது. அப்ப நடுதானே தேயும்? கண்ணாடிக் கடையில 10 மி.மீ. தடிப்பில மூண்டரை அடித் துண்டு கேளுங்கோ. மெல்லிய கண்ணாடி மேசையோட சேந்து வளையும்.

இன்னொண்டு. அலகை உள்ளுக்கு இழுத்துவிட்டு, அலகை அமத்திப் பிடிக்கிற மேல்மூடியை வேலைக்கு இறுக்கிற மாதிரியே இறுக்கிக்கொண்டு தேய்க்கவேணும். அந்த இறுக்கத்திலயே வார்ப்பிரும்பு கொஞ்சம் வளையும். கழட்டி வைச்சுத் தட்டையாக்கினால் பூட்டினாப்பிறகு திரும்பக் கோணும்.

அடிமட்டத்தையும் நம்பாதேங்கோ. அதால ஒரு கோடு கீறி, பிரட்டி வைச்சு அதே இடத்தில இன்னொண்டு கீறுங்கோ. ரெண்டும் ஒண்டா விழுந்தால்தான் அது நேர்.

(றெக்கோட்காரர் ஷெஃபீல்டில சீவுளி செய்யத் தொடங்கினது 1931இல. அப்பப்பா பிறகுதான் வேண்டியிருப்பார்.)

நல்லூரான்:
கண்ணாடி வந்திட்டுது. அடி முழுக்க மாக்கரால குறுக்குக் கோடு போட்டுத் தேய்ச்சன். முன் முனையிலயும் பின் முனையிலயும் கோடு அழியுது, வாயடியில அப்பிடியே கிடக்கு. ஒரு மணித்தியாலமாச்சு.

ஓடாவி மகன்:
அதுதான் சரி. குழி எண்டால் முனையள்தான் முதல் தேயவேணும். அழுத்தாமல் தள்ளுங்கோ, கறுப்புத் தூளை அடிக்கடி துடையுங்கோ, மழுங்கின எமரியை மாத்துங்கோ. எமரிக்குக் கஞ்சத்தனம் பிடிச்சால் தோள்தான் போகும். வாயின்ர முன் விளிம்பில கோடு அழிஞ்ச உடன நிப்பாட்டவேணும். முன் முனை, வாய், பின் முனை மூண்டும் ஒரே மட்டத்தில நிண்டால் காணும். இடையில சின்னச் சின்னப் பள்ளம் கிடந்தால் கிடக்கட்டும், முகம் பாக்கிற கண்ணாடியே செய்யிறியள்?

நல்லூரான்:
நிப்பாட்டச் சொன்ன இடத்தில நான் நிப்பாட்டேல்லை! வடிவா வரட்டும் எண்டு பிறகும் தேய்ச்சு, இப்ப நடு மிதந்து சீவுளி ஆடுது.

ஓடாவி மகன்:
நீளக் கடதாசியில கனக்கத் தேய்ச்சால் முனையள் கூடத் தேஞ்சு வயிறு வைக்கும். இப்ப உங்கட பழைய பிழைதான் மருந்து. அதே கண்ணாடியில ஒரு சாணளவு எமரித் துண்டு ஒட்டி, நடுவை மட்டும் அதில பத்துத் தரம் முன்னும் பின்னும் விடுங்கோ. துடைச்சு அளவுங்கோ. திரும்பவும் பத்து. 0.05 தகடு எங்கயும் போகாட்டில் விட்டிடுங்கோ.

நல்லூரான்:
நாலு தரம் பத்துப் பத்தா விட்டன், 0.05 போகேல்லை. முதிரை விளிம்பு சீவினன், சுருள் முனைக்கு முனை அறாமல் வந்தது. பலகை ரெண்டையும் சேத்து ஜன்னல் பக்கம் பிடிச்சன், வெளிச்சம் இல்லை. அடியைத் தொட்டால் சாம்பல் மாதிரிக் கைக்கு ஒட்டுது, அதுக்கு என்ன செய்யிறது?

பழைய கராஜ்:
மண்ணெண்ணெயால துடைச்சுப்போட்டு தையல் மெசின் எண்ணெய் தடவுங்கோ, இண்டைக்கே. எங்கட உப்புக்காத்துக்கு விடியிறதுக்குள்ள கறள் வந்திடும். சீவேக்க அடியில மெழுகுதிரியால ரெண்டு இழுப்பு.