பிரஷோவ் நகரின் கறுப்புத் தேவாலயம்: மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார்?

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

என் தம்பி சென்ற ஆண்டிலிருந்து ருமேனியாவின் பிரஷோவ் நகருக்கு அருகே வேலை செய்கிறான். அவன் அனுப்பும் படங்களில் நகர நடுவே நிற்கும் கறுப்புத் தேவாலயமே அதிகம். 1689 இல் மூண்ட பெருந்தீயில் கருகியதால் அப்பெயர் வந்தது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு விளங்காதது வேறொன்று. ருமேனியரின் ஊரில், நடுநாயகமாக, ஜேர்மன் மொழியில் வழிபடும் தேவாலயம் எப்படி வந்தது? அதே ஊரை ஜேர்மானியர் குரோன்ஷ்டாட் என்றும் ஹங்கேரியர் பிராஷோ என்றும் அழைப்பதற்கும் இதுதான் காரணமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். அந்நகரை விளங்கிக்கொள்ள நமக்குக் கோட்டையும் புறக்கோட்டையுமே போதும். கொழும்பின் மதில்களை ஆங்கிலேயர் 19 ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய பின்னரும் அவ்விரு பெயர்களும் நம் வாயில் நிலைத்துவிட்டன அல்லவா? பிரஷோவில் மதிலின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன.

பிரஷோவ் அமைந்துள்ள திரான்சில்வேனியா அக்காலத்தில் ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. எல்லையைக் காக்கவும் வணிகம் பெருக்கவும் ஹங்கேரிய மன்னர்கள் 12 ஆம் நூற்றாண்டு முதல் ஜேர்மானியக் குடிகளை வரவழைத்தார்கள். சாக்சன்கள் எனப்படுவோர் இவர்களே. 1211 இல் இரண்டாம் அந்திராஸ் மன்னர் பிரஷோவை அண்டிய நிலத்தைத் தியூட்டோனிக் வீரத்துறவியருக்கு அளித்து, அவர்கள் தம் விருப்பப்படி ஆளத் தலைப்பட்டதும் 1225 இல் வெளியேற்றினார். சாக்சன்கள் மட்டும் தங்கி, கைவினைச் சங்கங்களும் கொத்தளங்களும் அமைத்து, நகரைத் தமதாக்கிக்கொண்டார்கள். ருமேனியர் மதிலுக்கு வெளியே ஷ்கேய் என்னும் பகுதியில் வாழ்ந்தார்கள்; உள்ளே வீடு வாங்க நெடுங்காலம் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. 1559 இல் கட்டப்பட்ட கேத்தரின் வாசல் அந்தப் பக்கம் பார்த்தே நிற்கிறது. ஷ்கேய் அவர்களுடைய புறக்கோட்டை என்றே நான் எண்ணிக்கொள்வதுண்டு.

வியப்பு என்னவென்றால், ருமேனிய எழுத்தின் வரலாறே இந்தச் சாக்சன் நகரத்தைச் சார்ந்திருக்கிறது. 1521 இல் கம்புலுங் ஊரைச் சேர்ந்த நியாக்ஷு என்பவர், ஒட்டோமன் (துருக்கியப் பேரரசின்) படைகளின் நடமாட்டம் குறித்து எச்சரித்து, பிரஷோவின் நகரத் தலைவர் ஹான்ஸ் பெங்னருக்குக் கடிதம் எழுதினார். காலம் அறியப்பட்டு இன்றளவும் எஞ்சியுள்ள ருமேனிய மொழி ஆவணங்களுள் மிகப் பழையது அதுவே; எழுத்து, ரஷ்ய மொழிக்கு வழங்கும் சிரில்லிக். அதன்பின் 1560களில் கொரேசி என்னும் அச்சாளர் அங்கே ருமேனிய நூல்களை அச்சிட்டார். லூத்தரன் என்னும் புரொட்டஸ்தாந்துப் பிரிவைத் தழுவியிருந்த நகரத் தலைமை அதற்குப் பொருளுதவி செய்தது ருமேனியரையும் தம் சமயத்துக்கு ஈர்க்கவே; அந்த உள்நோக்கம் நமக்குப் புதிதல்ல: 1737 இல் ஒல்லாந்தர் கொழும்பில் சிங்கள வழிபாட்டு நூலை அச்சிட்டதும் எந்த எண்ணத்தில்?

பழஞ்சுவடி எழுதியது:

மேலே உள்ள விளக்கம் நன்று. தீ பற்றி ஒரு திருத்தம். 1689 ஏப்ரலில் ஆஸ்திரியாவின் ஹப்ஸ்பர்க் படைகள் நகரைப் பிடித்திருந்த வேளையில் தீ மூண்டது உண்மை. கூரை எரிந்ததும் உண்மை. ஆனால் கறுப்புத் தேவாலயம் என்ற பெயர் 19 ஆம் நூற்றாண்டில்தான் வழக்கிற்கு வந்தது. கருகிய சுவரைக் கண்ட தலைமுறையே இட்ட பெயரென்றால், இடையில் அத்தனை காலம் ஏன் மௌனம்? சுவரின் கருமைக்குத் தொழிற்சாலைப் புகையே கூடுதல் காரணம் என்பாரும் உளர். முதலில் அது புனித மரியாள் தேவாலயம். 1540களில் யோஹன்னஸ் ஹொண்டெருஸ் முன்னின்று நடத்திய சீர்திருத்தத்தின்போதே லூத்தரன் கைக்கு மாறியது.

முன்னாள் பிரஷோவ்வாசி எழுதியது:

தங்கச்சி, நான் அங்கே இரண்டு குளிர்காலம் இருந்தவன். தம்பியிடம் சொல்லுங்கள்: வெளியே படமெடுத்தது போதும், உள்ளே போகட்டும். ஏறத்தாழ 200 அனத்தோலிய (துருக்கிப் பகுதி) கம்பளங்கள் அத்தேவாலயத்துக்குச் சொந்தம். அவற்றுள் பல இருக்கைகளின் மேலும் மாடங்களிலும் தொங்குகின்றன. ஒட்டோமன் நாட்டுடன் வணிகம் செய்த சாக்சன்கள் காணிக்கையாகக் கொடுத்தவை. முஸ்லிம் நெசவாளர் நெய்த தொழுகைக் கம்பளம் லூத்தரன் சுவரில் தொங்குவதைப் பார்த்து நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். சிவப்பு மங்கியிருந்தாலும் தொழும் திசையைக் குறிக்கும் மிஃராப் வளைவு நன்றாகத் தெரியும்.

இன்று அங்கே சாக்சன்கள் மிகச் சிலரே. 1945 சனவரியில் பலரைச் சோவியத் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். பின்னர் ருமேனியக் கம்யூனிச ஆட்சியாளர் சௌசெஸ்கு காலத்தில் மேற்கு ஜேர்மனி தலைக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்து மீட்டது. எஞ்சியோரில் பெரும்பாலானோர் 1989 இல் அந்த ஆட்சி கவிழ்ந்த பின் போய்விட்டார்கள். 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு பறங்கியர் ஆஸ்திரேலியாவுக்குப் போன கதையைக் கொழும்பு வுல்வெண்டால் தேவாலயத்தின் வெற்று இருக்கைகளில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இடையில் 1950 முதல் 1960 வரை ஊரின் பெயரே ஸ்டாலின் நகரம். அதையும் தம்பி யாரிடமாவது கேட்டுப் பார்க்கட்டும், முதியவர்கள் சிரிப்பார்கள்.

ஷ்கேய்க்கு நடந்தே போகலாம். புனித நிக்கோலஸ் தேவாலய வளாகத்தில் பழைய ருமேனியப் பள்ளி அருங்காட்சியகமாக இருக்கிறது. கொரேசியின் அச்சுநூல்களை அங்கேதான் பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. வரும் ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு விடுமுறை. ஷ்கேய் பக்கமிருந்து கேத்தரின் வாசல் வழியாக உள்ளே நடந்து வரும்படி சொல்லியிருக்கிறேன்.